உப்புக் காற்றுக்குத் தாங்கும் குடவண்டி: அளவெடுப்பதிலிருந்து காப்புரிமை விண்ணப்பம் வரை முழு வழிகாட்டி

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்தக் கரையோர ஊருக்குப் போனாலும் தெருக்குழாய்க்குப் பக்கத்தில் குடவண்டிகள் வரிசையாக நிற்கும். நாலு குடம், ஆறு குடம், சில ஊர்களில் எட்டுக் குடம். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் கிடைத்த இரும்பில் செய்தவை. இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் அடிச்சட்டம் துருவேறி, அச்சு வளைந்து, வளையம் குடத்தை அறுக்கத் தொடங்கியிருக்கும். வேலை செய்தவரின் கை பழுது என்று சொல்ல முடியாது. கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் செய்யும் அதே வடிவத்தைக் கடலோரத்திலும் செய்ததுதான் காரணம்.

இந்தக் கரையில் ஒரு கருவியை வடிவமைப்பது என்றால் உப்பு ஈரம் எங்கே தங்கும் என்பதை முதலில் முடிவு செய்வது. பலம், அழகு, விலை எல்லாம் அதற்குப் பிறகு. சமையல் உப்பு காற்றில் 75 சதவீத ஈரப்பதம் இருந்தால்தான் கசியும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடு கலந்திருப்பதால் 35 சதவீதம் அளவிலேயே அது ஈரத்தை இழுக்கும். மழை பெய்யாவிட்டாலும் இரும்பின் மேல் படிந்த உப்பு நாள் முழுவதும் ஈரமாகவே இருப்பது இதனால்தான். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோகம் துருவேறுவதைப் பார்க்கும் தன் அரிமானச் சோதனைத் திடலை மண்டபத்தில் வைத்திருப்பதும் இந்தக் காற்றுக்காகத்தான். 2025இல் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் மூட்டுகளை முழுக்க வெல்டு செய்து, பாலிசிலாக்சேன் என்ற துருத்தடுப்புப் பூச்சு அடித்திருக்கிறார்கள். இரண்டு தகடு சேரும் சந்தில் உப்பு புகுந்தால் எந்தப் பெயிண்டும் காப்பாற்றாது. குடவண்டிக்கும் அதே விதிதான்.

கீழே இருப்பது ஆறு குடம் சுமக்கும் வண்டி. புதுமை ஒரே இடத்தில்தான்: குடத்தைத் தாங்கும் இரும்பு வளையங்களை எடுத்துவிட்டு, கயிற்றுக் கட்டில் போலப் படகுக் கயிற்றைப் பின்னுவது. மற்றதெல்லாம் தெரிந்த வேலையைச் சரியான அளவில் செய்வது.

முதலில் அளவு

உங்கள் தெருவில் புழங்கும் குடத்தை எடுத்து வயிற்றுப் பகுதியைச் சுற்றி நூல் கட்டுங்கள். நூலின் நீளத்தை 3.14ஆல் வகுத்தால் விட்டம். 94 செ.மீ. சுற்றளவுள்ள குடத்துக்கு விட்டம் 30 செ.மீ. ஒரே கடையில் வாங்கிய குடங்களிலேயே ஒரு செ.மீ. வித்தியாசம் வரும். குறைந்தது ஐந்து குடத்தை அளந்து பெரியதைக் கணக்கில் வையுங்கள். தரையிலிருந்து வயிற்றின் அகன்ற இடம் எத்தனை செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

அடுத்து எடை. 15 லிட்டர் குடம் நிரம்பினால் கிட்டத்தட்ட 15.7 கிலோ. ஆறுக்கு 94 கிலோ. சட்டமும் சக்கரமும் சேர்ந்து 21 கிலோ. மொத்தம் 115 கிலோ.

இந்த 115 கிலோவைத் தார்ச்சாலையில் காற்றடைத்த டயரில் தள்ள 2 கிலோ விசைக்கும் குறைவாகவே போதும். அதே வண்டி புதைமணலில் இறங்கினால் சுமையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 23 கிலோ விசை கேட்கும். கொக்கித் தராசு ஒன்றைப் பழைய வண்டியின் கைப்பிடியில் மாட்டி இழுத்துப் பார்த்தால் உங்கள் தெருவின் எண் தெரிந்துவிடும். குழாயிலிருந்து வீடு வரை மூன்று இடத்தில் எடுங்கள்: சாலை, மண், மணல். ஒரு பெண் அல்லது பள்ளிப் பிள்ளை விடாமல் இழுக்க 10 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. உங்கள் வழியில் புதைமணல் அதிகமென்றால் ஆறு குடம் வேண்டாம், நாலோடு நிறுத்துங்கள். எந்தச் சக்கரமும் இதை மாற்றாது. அகலமான டயரும் குறைந்த காற்றும் ஓரளவு உதவும், அவ்வளவே.

மணலில் தள்ளக் கூடாது, இழுக்க வேண்டும். தள்ளும்போது கையின் விசையில் ஒரு பங்கு கீழ்நோக்கி அழுத்திச் சக்கரத்தைப் புதைக்கும். இழுக்கும்போது அதே பங்கு மேல்நோக்கித் தூக்கும். கைப்பிடி இரண்டுக்கும் வசதியாக இருக்கட்டும்.

கடைசியாக வாசல் கதவின் அகலம். இந்த வண்டி 93 செ.மீ. அகலம் வரும். உங்கள் கதவு அதைவிடக் குறுகலென்றால் இரட்டை வரிசையை விட்டுவிட்டு, நாலு குடத்தை ஒற்றை வரிசையாக நிறுத்தும்படி சட்டத்தைச் சுருக்குங்கள்.

உயரம் ஏன் இவ்வளவு முக்கியம்

பழைய வண்டிகளில் சட்டம் சக்கரத்தின் மேலே உட்கார்ந்திருக்கும். தண்ணீரின் எடைமையம் தரையிலிருந்து 78 செ.மீ. உயரத்துக்குப் போய்விடும். சக்கரங்களுக்கு இடையே 60 செ.மீ. இருந்தால் வண்டி 21 பாகை சாய்ந்தாலே கவிழும். ஒரு பக்கச் சக்கரம் வாய்க்கால் ஓரத்தில் இறங்கினால் போதும்.

சட்டத்தைச் சக்கரங்களுக்கு நடுவே, அச்சின் மட்டத்துக்கு இறக்குங்கள். 20 அங்குலச் சக்கரத்தில் அச்சு 25 செ.மீ. உயரம். கயிற்றுத் தளம் 4 செ.மீ. தொய்ந்தால் குடத்தின் அடி 21 செ.மீ. உயரத்தில், எடைமையம் 37 செ.மீ. உயரத்தில் நிற்கும். சக்கர இடைவெளி 78 செ.மீ. கவிழும் கோணம் 46 பாகைக்கு ஏறுகிறது. இரும்பு கூடவில்லை, செலவு கூடவில்லை, இடம்தான் மாறியது.

எந்த இரும்பு

கடையில் எஸ்.எஸ். என்று கொடுப்பது பெரும்பாலும் 202 ரகம். கடலை விட்டுத் தள்ளிய ஊர்களுக்கு அது போதும். கரையில் சில மாதங்களில் பழுப்புப் புள்ளி விழும். காந்தம் வைத்துப் பார்த்து வாங்காதீர்கள். 202, 304 இரண்டிலும் காந்தம் ஒட்டாது, வித்தியாசம் காட்டாது. 304 தாங்கும், ஆனால் கழுவாமல் விட்டால் கறை பிடிக்கும். மாலிப்டினம் கலந்த 316தான் இந்தக் காற்றுக்கு உரியது. முழு வண்டியையும் அதில் செய்தால் விலை கட்டாது. எங்கள் தேர்வு: சட்டம் எம்.எஸ். என்கிற சாதா இரும்புச் சதுரக் குழாய், 25 மி.மீ., 1.6 மி.மீ. கனம். நட்டு, போல்ட், வாசர் மட்டும் 316. அதுவும் கிடைக்காவிட்டால் 304.

அலுமினியச் சட்டம் எடை குறைவு என்று தோன்றும். எஸ்.எஸ். போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையும். நைலான் வாசரும் உறையும் போட்டுப் பிரிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

வெட்ட வேண்டிய அளவுகள்:

- அடிச்சட்டம்: 100 செ.மீ. இரண்டு, 63 செ.மீ. நாலு (இரண்டு ஓரம், இரண்டு குறுக்கு)
- மேல்சட்டம்: 100 செ.மீ. இரண்டு, 63 செ.மீ. இரண்டு
- நிறுத்துக்கால்: 17.5 செ.மீ. ஆறு
- சக்கரக் கூடு: 60 செ.மீ. இரண்டு, 10 செ.மீ. நாலு
- கைப்பிடி: 75 செ.மீ. இரண்டு, 63 செ.மீ. ஒன்று
- தாங்குகால்: 22 செ.மீ. இரண்டு

மொத்தம் 13 மீட்டர். குழாய் 6 மீட்டர் நீளத்தில் வரும், மூன்று வாங்குங்கள். மிச்சம் 5 மீட்டரை எறியாதீர்கள், பெயிண்டைச் சோதிக்க அதுதான் துண்டு. வண்டிக்குப் போகும் 13 மீட்டரின் எடை மீட்டருக்கு 1.18 கிலோ வீதம் 15.3 கிலோ.

நிறுத்துக்காலின் 17.5 செ.மீ. ஒரு எடுத்துக்காட்டுதான். அகன்ற இடத்துக்கு இரண்டு விரல் மேலே மேல்சட்டம் வர வேண்டும். முதலில் குறித்த உயரத்திலிருந்து கயிற்றின் தொய்வு 4 செ.மீ. கழித்து உங்கள் அளவைக் கணக்கிடுங்கள். மேல்சட்டம் அகன்ற இடத்துக்குக் கீழே போனால் பள்ளத்தில் குடம் துள்ளி வெளியே வரும்.

வெட்டுவதற்கு முன் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்து, ஆறு வெறுங்குடத்தை வரைகோட்டுக்குள் நிறுத்திப் பாருங்கள். கருவேலங்கம்பை வெட்டிக் கயிறால் கட்டி ஒரு பொம்மைச் சட்டம் செய்து பார்த்தால் இன்னும் நல்லது. கை எங்கே இடிக்கிறது, குடத்தைத் தூக்கும்போது முழங்கால் எங்கே படுகிறது என்பது காகிதத்தில் தெரியாது.

அச்சை எங்கே வைப்பது

சட்டத்தின் நடுக்கோட்டில் வைக்கக் கூடாது. நடுவிலிருந்து மூக்குப் பக்கம், அதாவது கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம், 4.5 செ.மீ. தள்ளி வையுங்கள். அப்போது ஆறு குடமும் நிறைந்த வண்டியைத் தூக்கக் கைக்கு 6 கிலோ வரும். 15 செ.மீ. தள்ளினால் 15 கிலோவுக்கு மேல் ஏறும், நூறு அடிக்குள் தோள் நோகும். நடுக்கோட்டிலேயே வைத்தால் கைக்கு எடையே இருக்காது. ஆனால் பள்ளத்தில் மூக்கு குத்தும்.

இதிலிருந்து ஒரு பழக்கம் பிறக்கிறது, வண்டியை ஓட்டும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். நிரப்பும்போது கைப்பிடிப் பக்க வரிசையை முதலில் வையுங்கள். இறக்கும்போது மூக்குப் பக்க வரிசையை முதலில் எடுங்கள். மாற்றி எடுத்தால் மூக்கில் மட்டும் 31 கிலோ நிற்கும், வண்டி குப்புறக் கவிழ்ந்து எதிரே நிற்பவர் காலில் விழும். மூக்கிலும் இரண்டு தாங்குகால் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மணலில் அது கலப்பை மாதிரி உழும். வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

சக்கரம்

சிறுவர் சைக்கிளின் 20 அங்குல முன்சக்கரம் இரண்டு, 2.125 அங்குல அகல டயர். எந்த ஊரிலும் பஞ்சர் ஒட்ட ஆள் உண்டு, டியூப் கிடைக்கும். அதற்காகவே இதை எடுக்கிறோம். அலாய் ரிம்மும் எஸ்.எஸ். போக்ஸ் கம்பியும் கிடைத்தால் விடாதீர்கள்.

பட்டறைகளில் அதிகம் நடக்கும் தவறு இங்கேதான். சைக்கிள் அச்சு இரண்டு பக்கமும் போர்க்கில் உட்கார்வதற்காகச் செய்தது, 8 மி.மீ. கனம். அதை ஒரு பக்கம் மட்டும் சட்டத்தில் வெல்டு செய்து மறுபக்கத்தை அந்தரத்தில் விட்டால், ஒரு சக்கரத்துக்கு 57 கிலோ சுமையில் அச்சின் வேரில் 550 மெகா பாஸ்கல் அளவு தகைவு வரும். சாதா இரும்பு 250லேயே வளைந்துவிடும். இரண்டு பக்கமும் பிடித்தால் அதே அச்சில் 85க்குள் நிற்கிறது. சக்கரக் கூடு வைத்திருப்பது இதற்காக. கூட்டின் 10 செ.மீ. குறுக்குத் துண்டு என்பது ஹப்பின் அகலம். நட்டுக்கு நட்டு உங்கள் ஹப்பை அளந்து அதே அளவுக்கு வெட்டுங்கள்.

அச்சு உட்கார 40 × 6 மி.மீ. பட்டையில் நாலு தகடு, அச்சின் அளவுக்குக் கீழ்நோக்கித் திறந்த வெட்டு. சக்கரத்தைக் கழற்றிக் கழுவி மாட்ட இதுவே வசதி. நாலு வெட்டும் ஒரே நேர்கோட்டில் வர, வெல்டு செய்யும்போது நீளமான நேர்க்கம்பி ஒன்றை நாலிலும் ஊடே கோத்துக்கொள்ளுங்கள். இரண்டு மி.மீ. கோணினால் டயர் ஒரு பக்கமே தேயும்.

ஹப்பின் உள்ளே இருக்கும் குண்டுகள் உப்புத் தண்ணீரில் சீக்கிரம் போகும். புதிதாகவே பிரித்து, பழைய கிரீஸைத் துடைத்து, படகு எஞ்சினுக்குப் போடும் நீர்தாங்கும் கிரீஸை நிறைய அடையுங்கள். லேத் பட்டறை கைவசம் உள்ளவர்கள் 15 மி.மீ. எஸ்.எஸ். அச்சும் 6202 ரப்பர் மூடி பேரிங்கும் போட்டு ஹப் கடைந்துகொள்ளலாம். பிளாஸ்டிக் புஷ் போடுவதென்றால் நைலானை விட அசிட்டால் நல்லது. நைலான் தண்ணீர் குடித்து உப்பும். வறண்ட நாளில் சரியாகச் சுற்றிய சக்கரம் ஐப்பசி மழையில் இறுகிப் பிடிக்கும்.

வெல்டிங்கும் துளைகளும்

சந்து இல்லாமல் சுற்றி வெல்டு செய்யச் சொல்லுங்கள். நாலு புள்ளி வைத்து விடுவது போதாது. தகடு குழாயில் உட்காரும் விளிம்பும் முழுக்க மூட வேண்டும்.

குழாயின் வாயை மூடுங்கள், ஆனால் முழுக்க அடைக்காதீர்கள். ஒவ்வொரு குழாயின் தாழ்ந்த முனையிலும் அடிப்பக்கம் 8 மி.மீ. துளை ஒன்று. உள்ளே ஈரம் புகுந்தே தீரும். புகுந்தது வெளியேற வழி வேண்டும். சூடான துத்தநாகத் தொட்டியில் முக்கும் கால்வனைசிங் செய்யப் போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு முனையிலும் துளை கட்டாயம். 450 பாகை செல்சியஸ் துத்தநாகத்தில் அடைத்த குழாயை இறக்கினால் உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி வெடிக்கும், ஆள் உயிருக்கே ஆபத்து. பட்டறையிலிருந்து அனுப்பும் முன் துளைகளை எண்ணிப் பாருங்கள்.

ஜி.ஐ. குழாயை வாங்கி வெல்டு செய்கிறவர்கள் மூட்டைச் சுற்றி ஒரு அங்குலம் துத்தநாகத்தைக் கிரைண்டரால் எடுத்துவிட வேண்டும். அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். எடுத்த இடம் பிறகு வெறும் இரும்பு என்பதால் துரு அங்கிருந்தே தொடங்கும். அதனால்தான் செய்து முடித்துப் பிறகு முக்குவது மேல்.

பூச்சு

முக்கும் வசதி பக்கத்தில் இல்லாதவர்களுக்குப் பெயிண்ட். ரெட் ஆக்சைடு ஒரு கோட்டும் எனாமல் ஒரு கோட்டும் இந்தக் கரையில் ஓராண்டு நின்றால் அதிகம். வரிசை இப்படி இருக்கட்டும்: துத்தநாகம் கலந்த எபாக்சி பிரைமர், அதன்மேல் எபாக்சி, கடைசியில் பாலியூரித்தேன். எபாக்சியை மட்டும் விட்டால் வெயிலில் மாவு பூக்கும்.

பிரைமருக்கு முன் செய்யும் வேலைதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. துருவைக் கம்பி வீலால் எடுத்த பிறகு இரும்பு பளபளவென்று சுத்தமாகத் தெரியும். அதை நம்பாதீர்கள். ஒரு இரவு திறந்தவெளியில் கிடந்தாலே உப்பு படிந்திருக்கும். குடிதண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்து, துணியை அலசி, மூன்றாம் முறை துடைத்து, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே பிரைமர் அடியுங்கள். உப்பின் மேல் அடித்த பெயிண்ட் உள்ளேயிருந்து ஈரத்தை இழுத்துக் கொப்புளமாக எழும்பும். ஊசியால் குத்தினால் தண்ணீர் வரும். அந்தக் கொப்புளம் கண்டால் முழுவதும் சுரண்டி மறுபடி தொடங்குவதைத் தவிர வழியில்லை.

கனம் சரியா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. 13 மீட்டர் குழாயின் வெளிப்பரப்பு 1.3 சதுர மீட்டர். பாதி திடப்பொருள் உள்ள பெயிண்டில் 200 மி.லி. அந்தப் பரப்பில் ஏறினால் காய்ந்த பிறகு 77 மைக்ரான் வரும். வீணாவதையும் சேர்த்து ஒரு கோட்டுக்குக் கால் லிட்டர் கலந்து, அது தீரும் வரை அடியுங்கள். பாதி மிச்சம் இருந்தால் மெல்லியதாக அடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஓரம், வெல்டிங் தையல் இரண்டுக்கும் தூரிகையால் தனியாக ஒரு கோடு முதலில். பெயிண்ட் காயும்போது கூர்மையான விளிம்பிலிருந்து விலகி ஓடும்.

கயிறு: இந்த வடிவத்தின் உயிர்

6 மி.மீ. பாலிபுரொப்பிலின் கயிறு, வலைச் சாமான் கடைகளில் கிலோக் கணக்கில் கிடைப்பது. நைலான் வேண்டாம். நனைந்தால் நீளும், இரண்டாம் நாள் தளம் தொங்கும். புதுக் கயிறு 500 கிலோவுக்கு மேல் தாங்கும். முடிச்சுப் போட்டால் அதில் பாதிதான் கணக்கு.

அடிச்சட்டத்தில் 8 செ.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுங்கள், ஒன்று மேல் ஒன்று கீழாக. இழுத்துக் கட்டுவதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். கட்டில் மாதிரி விறைப்பாக இழுத்தால் நல்லது என்று தோன்றும். 60 செ.மீ. அகலத்தில் போகும் ஒரு கயிற்றின் நடுவில் 16 கிலோ உட்காருகிறது என்று வையுங்கள். கயிறு 4 செ.மீ. தொய்ந்தால் அதன் இழுவிசை 60 கிலோ. 1 செ.மீ. மட்டுமே தொய்ந்தால் 240 கிலோ. விறைப்பாகக் கட்டிய வண்டியில் கயிறு அறுவதற்கு முன் பக்கக் குழாய் உள்பக்கம் வளையும். கட்டி முடித்ததும் நிரம்பிய குடம் ஒன்றை வைத்து, அளவுகோலை மேலே குறுக்கே பிடித்துத் தொய்வை அளங்கள். 3 முதல் 5 செ.மீ. இருக்கட்டும்.

மேல்சட்டத்தில் நீளவாக்கில் ஒரு கயிறு, குறுக்கே இரண்டு. 31.5 செ.மீ. சதுரத்துக்கு நெருக்கமாக ஆறு கூடு கிடைக்கும். 30 செ.மீ. குடம் நிற்கும், 29 செ.மீ. குடமும் நிற்கும், கயிறு விட்டுக்கொடுக்கும். இரும்பு வளையத்தில் அளவு மாறிய குடம் ஒன்று இறங்காது, இல்லாவிட்டால் ஆடி ஆடிப் பிளாஸ்டிக்கைத் தேய்த்துத் துளையிடும். கயிற்றில் உப்பு ஏறினாலும் துருப்பிடிக்கக் கயிற்றில் எதுவும் இல்லை. பள்ளத்தில் இறங்கும்போது அதிர்ச்சியைக் கயிறே வாங்கிக்கொள்வதால் தண்ணீர் சிந்துவதும் குறையும்.

கயிறு சட்டத்தில் உரசும் இடத்தில் பெயிண்ட் தேயும். பழைய தோட்டக் குழாயை 4 செ.மீ. துண்டுகளாக வெட்டி நீளவாக்கில் கீறி ஒவ்வொரு சுற்றுக்கும் அடியில் செருகுங்கள். வெயில் கயிற்றை நார் நாராக்கும். விரலால் தேய்த்தால் தூசி மாதிரி உதிரத் தொடங்கியதும் மாற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது.

சோதனை

மிச்சக் குழாயில் கை நீளத்துக்கு ஆறு துண்டு. இரண்டில் நீங்கள் போட்ட பூச்சு, இரண்டில் ரெட் ஆக்சைடும் எனாமலும், இரண்டு வெறும் இரும்பு. பூச்சுள்ள எல்லாவற்றிலும் ஆணியால் இரும்பு தெரியும் வரை ஒரு கீறல். லிட்டருக்கு 50 கிராம் உப்புக் கரைத்த வாளியில் தினம் ஒரு மணி நேரம் முக்கி, மீதி நேரம் வெயிலில் தொங்கவிடுங்கள். முப்பது நாள். கீறலின் ஓரத்திலிருந்து துரு எத்தனை மி.மீ. பூச்சுக்கு அடியில் ஊர்ந்திருக்கிறது என்பதே விடை. இது ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது. ஆனால் இரண்டு பூச்சில் எது மேல் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடும்.

வண்டிக்கு ஒன்றரை மடங்கு சுமை, அதாவது 140 கிலோ மணல் மூட்டை, ஒரு நாள் முழுக்க. பிறகு அசல் சுமையுடன் 5 செ.மீ. உயரத் திண்டிலிருந்து இருநூறு முறை இறக்குங்கள். அச்சுத் தகட்டின் வெல்டிங்கில் மயிர்க்கோடு விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். முதலில் விரிவது அங்கேதான்.

இதே கணக்கு மீன் வண்டிக்கும்

டிவிஎஸ் ஃபிப்டியில் மீன் கொண்டுபோகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை: ஐஸ் பெட்டியில் உருகும் உப்புத் தண்ணீர் கேரியர் வழியாகச் செயினிலும் பின் பிரேக் டிரம்மிலும் சொட்டும். செயின் சீக்கிரம் போகும், பிரேக் பிடிக்காது. பெட்டிக்கு அடியில் விளிம்பு 3 செ.மீ. உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு, பின்மூலையில் அரை அங்குல வடிகால், அதில் ஒரு குழாய். குழாயின் முனை பின்சக்கரத்தைத் தாண்டி மட்கார்டின் நுனிக்குக் கீழே முடிய வேண்டும். டயரின் முன்னே முடிந்தால் டயரே தண்ணீரை எடுத்து எங்கும் தெளிக்கும். தட்டு பின்பக்கம் விரல் கனம் சாய்வாக இருக்கட்டும். போல்ட்டில் கழலும்படி மாட்டுங்கள், சேசிஸில் வெல்டு வேண்டாம். வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

காகித வேலை

உங்கள் வண்டியில் புதிதாக ஒன்று இருக்கிறது என்று தோன்றினால், அதை யூடியூபிலோ வாட்ஸ்அப் குழுவிலோ காட்டும் முன் நிறுத்துங்கள். விண்ணப்பத்துக்கு முன் ஊருக்குத் தெரிந்துவிட்டால் அது புதியதல்ல என்று ஆகிவிடும்.

முதலில் தேடல். இந்திய அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளமும் கூகுள் பேட்டன்ட்ஸும் இலவசம். தண்ணீர் சுமக்கும் கருவிகளில் உலகம் நிறையச் செய்திருக்கிறது. 1991இல் தென்னாப்பிரிக்காவில் உருவான ஹிப்போ ரோலர் 90 லிட்டர் உருளையைத் தரையிலேயே உருட்டிப் போவது. அகலமான உருளை என்பதால் மணலில் அதிகம் புதையாது. நம் வீடுகளில் தண்ணீர் குடத்தில்தான் தங்குகிறது, குடத்தில்தான் இடுப்பேறுகிறது; வடிவம் வேறாவது அங்கேதான். வித்தியாசத்தை எழுதும்போது இப்படிப் பழையதைச் சொல்லி, அதில் எது இல்லை என்று காட்ட வேண்டும்.

காப்புரிமைச் சட்டம் 1970இன் 3(எஃப்) பிரிவை ஒருமுறை படியுங்கள். தெரிந்த கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றும் தன் வேலையை மட்டும் செய்தால் அது கண்டுபிடிப்பு இல்லை. குடவண்டியில் ஒரு விளக்கு மாட்டினால் கிடைக்காது. கயிற்றுத் தளம் தொய்ந்து குடத்தின் அடிவடிவத்தை எடுத்துக்கொள்வதால் மேல்கூட்டின் கயிறு அகன்ற இடத்துக்கு மேலே வந்து குடத்தைப் பூட்டுகிறது, ஒன்று இல்லாமல் மற்றது வேலை செய்யாது என்றால் அது வாதிடக்கூடிய உரிமைக்கோரல். அந்த ஒரு வாக்கியத்தை எழுத ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

தற்காலிக விவரணத்துடன், அதாவது கண்டுபிடிப்பின் முதற்கட்ட விளக்கத்துடன், விண்ணப்பித்தால் தேதி உங்களுடையது. தனிநபர் இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். தமிழ்நாட்டுக்குரிய அலுவலகம் சென்னை கிண்டியில். அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரணம் போக வேண்டும். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகும். ஆய்வுக்கான படிவம் 18ஐ 31 மாதத்துக்குள், 4,000 ரூபாயுடன் தனியாகக் கேட்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள், யாரும் நினைவூட்ட மாட்டார்கள். கிடைத்தால் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு.

வண்டியின் தோற்றத்துக்கு மட்டும் பாதுகாப்பு வேண்டுமென்றால் வடிவமைப்புச் சட்டம் 2000இன் கீழ் பதிவு, தனிநபருக்கு 1,000 ரூபாய், கைவண்டிகளுக்கு 12-02 வகுப்பு. முதலில் 10 ஆண்டு, பிறகு 5 நீட்டிக்கலாம். அது இயங்கும் விதத்தைக் காக்காது. அடுத்த பட்டறைக்காரர் வேறு உருவத்தில் அதே கயிற்றுப் பின்னலைப் போட்டால் தடுக்க முடியாது.

முறையான தொழில்நுட்பப் படிப்பு இல்லாமல் சொந்த யோசனையில் கருவி செய்தவர்களுக்கு, 2000இல் தொடங்கிய தேசிய புத்தாக்க அறக்கட்டளை அவர்கள் பெயரிலேயே காப்புரிமை விண்ணப்பிக்க உதவுகிறது. அனுப்பும் பொதியில் வைக்க வேண்டியவை: கொக்கித் தராசில் எடுத்த மூன்று இடத்து எண்கள், பழைய வண்டிக்கும் புதியதற்கும் தனித்தனியாக, முப்பது நாள் உப்பு வாளித் துண்டுகளின் படம், ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும் சாட்சிக் கையெழுத்தும் உள்ள அளவு நோட்டு. நோட்டில் அடித்துத் திருத்திய பக்கங்களைக் கிழிக்காதீர்கள். 15 செ.மீ.யில் இருந்த அச்சு ஏன் 4.5க்கு வந்தது என்பது அந்தப் பக்கங்களில்தான் இருக்கும்.